உண்ணி மருந்து விட்ட இடத்தில் புண்: வெள்ளச்சிக்கு என்ன செய்வது?

கேள்வி:

வணக்கம் டாக்டர். வெள்ளகோயில் பக்கம் தோட்டத்துச் சாளையில் குடியிருக்கிறோம். பட்டிக் காவலுக்கு வெள்ளச்சி என்று ஒரு பெட்டை நாய் இருக்கிறது. ராஜபாளையம் கலப்பு, இரண்டரை வயது. ஒரு மாதமாகக் காது, கழுத்து, விரலிடுக்கு எல்லாம் உண்ணி. போன ஞாயிற்றுக்கிழமை மாமா மாட்டுக்குப் போடுகிற உண்ணி மருந்தைத் தண்ணீரில் கலந்து அவளையும் குளிப்பாட்டிவிட்டார். மறுநாள் காலையிலும் உண்ணி அப்படியே இருந்ததால், நான் மெடிக்கலில் கழுத்தில் விடுகிற சொட்டு மருந்து வாங்கி வந்து விட்டேன். இந்த மருந்தை விடுவது இதுதான் முதல் தடவை. ஃபிப்ரோனில், மெத்தோபிரீன் என்று போட்டிருக்கிறது. 20 முதல் 40 கிலோ நாய்க்கு உண்டானது. எடை போட்டதில்லை, கடைக்காரர் எவ்வளவு உயரம் என்று கேட்டுவிட்டுக் கொடுத்தார். மருந்து விட்டதும் மணி கோத்த தோல் பெல்ட்டைத் திரும்ப மாட்டிவிட்டேன். அன்று சாயந்திரமே தலையை உதறிக்கொண்டு திண்ணையில் கழுத்தை உரசினாள். அடுத்த நாள் சிவந்தது. இன்றைக்கு ஆறாவது நாள். முடி கொட்டி, ஓரத்தில் நீர் கசிகிறது. தின்கிறாள், பட்டியைச் சுற்றி வருகிறாள். அத்தை மஞ்சளும் வேப்பெண்ணெயும் குழைத்துப் பூசுகிறார். "மாட்டு மருந்தே போதும், இத்தனை வருசத்தில் ஒண்ணும் ஆனதில்லை" என்கிறார் மாமா. நான் வாங்கியது போலி மருந்தா? முடி முளைக்குமா? அடுத்த மாதம் திரும்ப விடலாமா? வீட்டில் மூன்று வயதுக் குழந்தையும் ஒரு பூனையும் இருக்கின்றன. படம் அனுப்பியிருக்கிறேன்.

ஒரு வாசகி, வெள்ளகோயில் வட்டாரம்

பதில்:

அம்மணி,

படத்தைப் பெரிதாக்கி நன்றாகப் பார்த்தேன். வெள்ளச்சி தின்கிறாள், நடமாடுகிறாள் என்று எழுதியிருப்பதால் முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். மருந்து உடம்புக்குள் போய் நரம்பைத் தாக்கியிருந்தால் எச்சில் வடிதல், நடுக்கம், தள்ளாட்டம் எல்லாம் முதல் ஓரிரு நாளிலேயே தெரிந்திருக்கும். ஆறு நாள் தாண்டியும் அவை இல்லாததால், இது தோலோடு நிற்கிற தொந்தரவுதான். உயிருக்குப் பயப்பட வேண்டாம். ஆனால் நீர் கசிகிற புண்ணை இன்னும் நாலு நாள் பார்க்கலாம் என்று விடவும் கூடாது. செய்ய வேண்டியதை முதலில் சொல்கிறேன், ஏன் வந்தது என்பதை அப்புறம் பேசுவோம்.

பெல்ட்டை இப்போதே கழற்றுங்கள். தோல் பெல்ட் அந்த மருந்தை உறிஞ்சி வைத்திருக்கும். கழுவினாலும் முழுதாகப் போகாது. அதைத் திரும்பப் போட வேண்டாம். கட்டித்தான் ஆக வேண்டும் என்றால் கழுத்தைத் தொடாமல் நெஞ்சைச் சுற்றி மாட்டுகிற பட்டை கிடைக்கிறது, அதை வாங்குங்கள்.

பிறகு, பூசியிருக்கிற மஞ்சளையும் எண்ணெயையும் எடுத்துவிட வேண்டும். வெதுவெதுப்பான தண்ணீரில் நாய்க்கான மிதமான ஷாம்பூ சில துளி விட்டு, சுத்தமான பழைய வேட்டித் துணியை நனைத்து, தேய்க்காமல் ஒத்தி ஒத்தி எடுங்கள். நல்ல தண்ணீரில் இரண்டு மூன்று முறை அலசி, உலர்ந்த துணியால் ஒற்றிவிடுங்கள். புண்ணின் ஓரத்தில் ஒட்டிக் கிடக்கும் முடியை முனை மழுங்கிய கத்தரியால் குட்டையாக வெட்டலாம். சவரக் கத்தி வேண்டாம். பச்சைத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியைப் புண்ணின் மேல் ஐந்து பத்து நிமிடம் வைத்து எடுத்தால் எரிச்சல் குறையும். ஒரு நாளைக்கு மூன்று நான்கு தடவை செய்யுங்கள். அதற்கு மேல் எதுவும் பூச வேண்டாம். காற்றுப் பட்டு உலர்வதுதான் இந்தப் புண்ணுக்கு நல்லது.

அத்தை அக்கறையோடு செய்கிறார், எனக்குத் தெரிகிறது. மஞ்சளைக் குறை சொல்ல எனக்கும் மனசில்லை. ஆனால் வெந்த தோலில் குழைத்துப் பூசிய மஞ்சள் காய்ந்து வெடித்துக் கீழே இருக்கிற கசிவை மூடிக்கொள்ளும். அடியில் சீழ் கட்டினாலும் மேலே தெரியாது. சிவப்பு எதுவரை பரவியிருக்கிறது என்று மருத்துவராலும் கண்டுபிடிக்க முடியாது. தண்ணீர் சேர்க்காத வேப்பெண்ணெய் நல்ல தோலையே சில நாய்களுக்கு எரிய வைக்கும். நக்கினால் வாந்தி எடுக்கும். சீமெண்ணெய், புகையிலைத் தண்ணீர், சூடம் கலந்த எண்ணெய் என்று யாராவது அக்கம்பக்கத்தில் யோசனை சொன்னால் தயவுசெய்து கேட்காதீர்கள். புகையிலையில் இருக்கிற நிகோடினும் சூடமும் தோல் வழியாகவே உள்ளே போய் நாயைக் கொல்லக்கூடியவை. புண் தோலில் இன்னும் வேகமாகப் போகும்.

வீட்டில் மனிதருக்கு வாங்கி வைத்த களிம்பும் அப்படித்தான். படர்தாமரைக்கு விற்கிற களிம்புகளில் பலவற்றில் கடுமையான ஸ்டீராய்டு கலந்திருக்கிறது. காலமைன் லோஷனில் துத்தநாகம் இருக்கிறது, நக்கினால் கெடுதல். வலிக்கிறதே என்று பாராசிட்டமாலோ இபுபுரூஃபனோ கொடுக்கவே கூடாது.

சொறிவதைத் தடுக்கப் பொதுவாகக் கழுத்தில் பிளாஸ்டிக் கூம்பு மாட்டச் சொல்வோம். வெள்ளச்சிக்குப் புண்ணே கழுத்தில் இருப்பதால் அது இன்னும் உரசும். அவளால் வாயால் அங்கே எட்ட முடியாது, பின்னங்காலால்தான் பறிப்பாள். அதனால் பின்னங்கால் நகங்களின் நுனியை மட்டும் வெட்டிவிட்டு, குழந்தையின் பழைய சாக்ஸை இரண்டு காலிலும் போட்டு, மேலே காகித டேப்பைத் தளர்வாகச் சுற்றுங்கள். இறுக்கினால் கால் வீங்கும். ஈரமானால் மாற்றிவிடுங்கள்.

ஈ விஷயத்தில் கவனம் வேண்டும். ஆட்டுப் பட்டியும் மாட்டுக் கட்டுத்தரையும் இருக்கிற இடத்தில் கழுத்துப் புண் ஒரே நாளில் புழு வைத்துவிடும். மருந்தால் வந்த சிவப்பைவிட அந்தப் புழுதான் எங்களிடம் வருகிற நாய்களை அதிகம் வாட்டுகிறது. புண் காயும் வரை பகலில் வெள்ளச்சியை ஈ அண்டாத அறையிலோ கொசுவலைக்குள்ளோ வையுங்கள். காலையும் மாலையும் வெளிச்சத்தில் முடியை விலக்கிப் பாருங்கள். சிறு துளை தெரிந்தாலோ, வெள்ளையாக ஏதாவது நெளிந்தாலோ, கெட்ட நாற்றம் அடித்தாலோ அன்றைக்கே மருத்துவரிடம் போய்விடுங்கள்.

எப்படியும் நாளைக்குள் ஒரு தடவை காட்டத்தான் வேண்டும். பக்கத்து அரசு கால்நடை மருந்தகமே போதும். போகும்போது இரண்டு பொருளை மறக்காமல் எடுத்துப் போங்கள்: நீங்கள் விட்ட சொட்டு மருந்தின் காலிக் குழாய், மாமா கலந்த மாட்டு மருந்துப் புட்டி. புட்டியில் டெல்டாமெத்ரின், சைபர்மெத்ரின் என்று இருந்தால் ஒரு வகை. அமிட்ராஸ் என்று இருந்தால் வேறு வகை. அமிட்ராஸ் தானே நாயைச் சோர வைத்து இதயத் துடிப்பைக் குறைக்கும் மருந்து. புண்ணைச் சுத்தம் செய்ய மயக்க ஊசி போட நினைத்தால், மருத்துவருக்கு இது முன்பே தெரிந்திருக்க வேண்டும். எங்கள் ஊசிகளில் சில அதே வேலையைத்தான் செய்கின்றன, இரண்டும் சேர்ந்தால் துடிப்பு இன்னும் இறங்கும். பெயர் தெரியாமல் "மாட்டு மருந்து" என்று மட்டும் சொன்னால் எங்களுக்கு எதுவும் புரியாது. அதனால்தான் புட்டியையே கேட்கிறேன்.

சரி, இனி காரணத்துக்கு வருவோம்.

உங்கள் படத்தில் நான் முக்கியமாகப் பார்த்தது புண்ணின் வடிவத்தை. சொட்டு மருந்து விட்ட இடத்தில் மட்டும் தோல் எரிச்சலடைந்தால் நாணயம் அளவுக்கு ஒரு வட்டம் தெரியும். கொஞ்சம் வழிந்திருந்தால் ஒரு பக்கமாகக் கோடு இறங்கும். வெள்ளச்சிக்கு மேலே ஒரு வட்டம் இருக்கிறது. அதிலிருந்து இரண்டு பக்கமும் பெல்ட்டின் அகலத்துக்குச் சரியாகச் சிவப்புப் பட்டை ஓடித் தொண்டைக்குக் கீழே மங்கிவிடுகிறது. அதாவது, மருந்து பெல்ட்டுக்கு அடியில் போய்த் தங்கிவிட்டது. காற்றுப் படாமல், கழுத்துக்கும் தோல் பட்டைக்கும் நடுவில் மணிக்கணக்கில் அழுந்திக் கிடந்திருக்கிறது. அதன் மேல் மணியின் உரசல் வேறு.

அளவும் கூடிப்போயிருக்கிறது என்று நினைக்கிறேன். இந்த மருந்தில் 10 முதல் 20 கிலோ வரை உள்ள நாய்க்கு 1.34 மில்லி, 20 முதல் 40 கிலோ வரை 2.68 மில்லி. படத்தில் திண்ணைக்குப் பக்கத்தில் நிற்கிறதை வைத்துப் பார்த்தால் வெள்ளச்சி 20 கிலோவைத் தாண்டுவாள் என்று எனக்குத் தோன்றவில்லை. ராஜபாளையம் கலப்பு நாய்கள் உயரமாக இருக்கும், உடம்பு கிடையாது. உயரத்தை வைத்து எடை சொன்னால் இப்படித்தான் தப்பும். இரண்டு மடங்கு போனது அவளுக்கு விஷம் ஆகிவிடாது; ஃபிப்ரோனிலை ஐந்து மடங்கு வரை கொடுத்துச் சோதித்த பிறகுதான் விற்கிறார்கள். ஆனால் அத்தனை திரவத்தையும் ஒரே இடத்தில் விட்டால் தோல் இழுக்காது, வழியும். வழிந்தது பெல்ட்டுக்குள் போயிற்று. உங்கள் பக்கம் கொப்பரைக் களத்தில் எடைத் தராசு இருக்கும். நாயைத் தூக்கிக்கொண்டு நீங்கள் ஒரு தடவை நில்லுங்கள், தனியாக ஒரு தடவை நில்லுங்கள், கழித்தால் எடை வந்துவிடும்.

மூன்றாவது காரணம்தான் எனக்குப் பெரிதாகப் படுகிறது: முந்தின நாள் குளியல். மாட்டுக்கான மருந்துகள் பெரும்பாலும் எண்ணெய் போன்ற காரமான கரைப்பானில் வருகின்றன. தண்ணீரில் விட்டதும் பால் மாதிரி வெளுப்பது அதனால்தான். மாட்டுத் தோலின் தடிப்பு நாய்க்குக் கிடையாது. நாயின் மேல்தோல் நம்முடையதைவிடவும் மெல்லியது. அந்தக் கலவையில் குளித்த தோல் எண்ணெய்ப் பசை போய் வறண்டு, கண்ணுக்குத் தெரியாமல் ஏற்கெனவே புண்பட்டிருக்கும். மறுநாள் அதன் மேல் ஆல்கஹால் கலந்த சொட்டு மருந்து விழுந்திருக்கிறது. ஃபிப்ரோனில் தோலின் எண்ணெய்ப் பசையோடு கலந்துதான் உடம்பு முழுக்கப் பரவி, எண்ணெய்ச் சுரப்பிகளில் தங்கிக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வருகிறது. பசையே இல்லாத தோலில் அது பரவாமல் விட்ட இடத்திலேயே நிற்கும். அதனால்தான் இந்த மருந்துக்கு இரண்டு நாள் முன்னும் இரண்டு நாள் பின்னும் குளிப்பாட்டக் கூடாது என்கிறோம்.

அன்று சாயந்திரமே தலையை உதறினாள் என்கிறீர்களே, அதில் மாட்டு மருந்துக்கும் பங்கு இருக்கலாம். டெல்டாமெத்ரின், சைபர்மெத்ரின் வகை மருந்துகள் தோல் நரம்புகளைக் கிளறிவிட்டுச் சுறுசுறுவென்று ஒரு எரிச்சலை உண்டாக்கும். பார்த்தால் தோலில் ஒன்றும் தெரியாது, நாய் மட்டும் இருப்புக் கொள்ளாமல் உருளும், உரசும். ஓரிரு நாளில் அதுவாக அடங்கிவிடும். அந்த நேரத்தில் உரசிய உரசலில்தான் பல நாய்களுக்குப் புண்ணே வருகிறது.

ஆகவே மருந்து போலி என்று முடிவு கட்ட வேண்டாம். அசல் மருந்திலேயே விட்ட இடத்தில் சிவப்பு, அரிப்பு, முடி உதிர்தல் வரலாம் என்று உள்ளே வைத்திருக்கிற தாளில் அச்சிட்டிருப்பார்கள். அமெரிக்காவின் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை இந்தச் சொட்டு மருந்துகளைப் பற்றிய புகார்கள் பெருகியதால் 2009இல் ஆய்வைத் தொடங்கி 2010 மார்ச்சில் முடிவை வெளியிட்டது. தோல் தொந்தரவுகள் அதில் முக்கியமாக இருந்தன. சிறிய உடம்பு நாய்கள்தான் அதிகம் பாதிக்கப்பட்டிருந்தன. எடைக்கு ஏற்ற அளவு எவ்வளவு முக்கியம் என்பதற்காக இதைச் சொல்கிறேன். போலியும் சந்தையில் உண்டு. சீல், தொகுப்பு எண், காலாவதித் தேதி பார்த்து பில்லோடு வாங்குங்கள். அவ்வளவுதான்.

இது ஒவ்வாமையா, வெறும் எரிச்சலா என்பதுதான் அடுத்த மாதம் விடலாமா என்ற கேள்விக்கு ஆதாரம். மருந்தின் காரத்தால் வெந்து போவது எந்த நாய்க்கும் வரலாம், முதல் தடவையே வரலாம். ஒவ்வாமை அப்படி இல்லை. ஒரு பொருள் முன்பே பட்டு, உடம்பு அதை அடையாளம் வைத்துக்கொண்டு, அடுத்த தடவை படும்போது ஒன்றிரண்டு நாள் கழித்துச் சிவந்து அரிக்கும். பட்ட இடத்தைத் தாண்டியும் பரவும். வெள்ளச்சிக்கு இந்த மருந்து முதல் தடவை, அன்றைக்கே தொடங்கியிருக்கிறது, பட்ட இடத்தோடு நிற்கிறது. மூன்றும் எரிச்சல் பக்கம்தான் பேசுகின்றன. படத்தை மட்டும் பார்த்து நான் உறுதி சொல்ல மாட்டேன்; மருத்துவர் தோலைத் தொட்டுப் பார்த்துச் சொல்லட்டும்.

எரிச்சலாகவே இருந்தாலும், அடுத்த மாதம் அதே மருந்தை விட வேண்டாம் என்பதுதான் என் கருத்து. தோல் முழுதாக ஆறி முடி மூடும் வரை எந்தச் சொட்டு மருந்தும் அவளுக்கு வேண்டாம். இன்னொரு கம்பெனிச் சொட்டு மருந்துக்கு மாறுவதிலும் எனக்கு நம்பிக்கை இல்லை. தொந்தரவு செய்தது ஃபிப்ரோனிலா, அதைக் கரைத்திருக்கிற திரவமா என்று நமக்குத் தெரியாது. திரவம்தான் என்றால் பெயர் மாறினாலும் புண் மாறாது. உண்ணிப் பட்டைகளும் கழுத்தில்தான் கட்டுவது, அதனால் அவையும் இப்போதைக்கு ஆகாது.

மிச்சம் இருப்பது வாய்வழி மாத்திரை. அஃபாக்சோலனர், சரோலனர் மாதம் ஒன்று. ஃபுளுராலனர் பன்னிரண்டு வாரத்துக்கு ஒன்று. தோலில் எதுவும் படுவதில்லை, குளிப்பாட்டத் தடையில்லை, குழந்தை தொட்டாலும் பயமில்லை. விலை கூடத்தான், ஆனால் வெள்ளச்சி மாதிரி நாய்க்கு இதுவே சரி என்பேன். ஒன்றை மட்டும் மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள்: அவளுக்கு எப்போதாவது வலிப்பு வந்திருக்கிறதா, குட்டி ஈனும் எண்ணம் இருக்கிறதா. இந்த வகை மாத்திரைகளால் சில நாய்களுக்கு நடுக்கமும் வலிப்பும் வரலாம் என்று அமெரிக்க மருந்து நிர்வாகம் 2018 செப்டம்பரில் எச்சரித்திருக்கிறது. பெரும்பாலான நாய்களுக்கு ஒன்றும் ஆவதில்லை. முன்பே வலிப்பு உள்ள நாய்க்கு யோசித்துத்தான் கொடுப்போம்.

புண்ணுக்குப் பயந்து உண்ணியை விட்டுவிடலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள். நாய்க்கு வருகிற உண்ணிக் காய்ச்சலில் இரத்த அணுக்கள் அழிகின்றன. எர்லிக்கியா, பபேசியா என்ற கிருமிகளைச் சுமப்பது இந்த உண்ணிதான்; நம் பக்கத்தில் அவை சாதாரணமாகவே இருக்கின்றன. தீனி குறைவது, ஈறு வெளுப்பது, மூக்கில் இரத்தம், சிறுநீர் காபி நிறத்தில் போவது, இவற்றில் எது தெரிந்தாலும் இரத்தப் பரிசோதனை வேண்டும். ஒரு மாதமாக உண்ணி இருக்கிறது என்பதால் நாளைக்குப் போகும்போது ஈறின் நிறத்தைப் பார்க்கச் சொல்லுங்கள்.

புண் ஆறும் வரை உண்ணியைக் கையால் எடுங்கள். கையுறை போட்டுக்கொண்டு, சிறிய இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து, திருகாமல் நேராக மெதுவாக இழுத்தால் முழுதாக வரும். நசுக்கக் கூடாது. ஊதுபத்தியால் சுடக் கூடாது. எடுத்ததை ஸ்பிரிட் ஊற்றிய மூடி போட்ட புட்டியில் போடுங்கள், வெறும் தண்ணீரில் சாகாது. இன்னொன்று: எந்த மருந்தானாலும் உண்ணி சாக ஒன்றிரண்டு நாள் ஆகும், செத்த பிறகும் கொஞ்ச நேரம் ஒட்டிக்கொண்டே இருக்கும். மறுநாளே உதிரவில்லை என்று இன்னொரு மருந்தைச் சேர்த்ததுதான் இந்த வாரம் நடந்தது.

மாமாவுக்கு ஒரு வார்த்தை. உண்ணி மாட்டிலிருந்துதான் நாய்க்கு வருகிறது என்ற எண்ணத்தில் இரண்டுக்கும் ஒரே மருந்து போட்டிருப்பார். மாட்டில் அதிகம் இருப்பது ஒரே மாட்டில் வளர்ந்து முடிகிற மாட்டு உண்ணி. வெள்ளச்சியின் மேல் இருப்பது பழுப்பு நாய் உண்ணி, அது வேறு. அது ஒவ்வொரு பருவத்துக்கும் நாயை விட்டு இறங்கிச் சந்துபொந்தில் ஒளிந்து தோலுரித்துத் திரும்ப ஏறுகிறது. இரத்தம் குடித்து ஊதின பெட்டை உண்ணி சுவரேறி விரிசலுக்குள் போய் ஆயிரக்கணக்கில் முட்டை வைக்கும். நாயின் மேல் நீங்கள் பார்ப்பது கொஞ்சம்தான். மீதி அவள் படுக்கிற இடத்தில் இருக்கிறது. எந்த மருந்து விட்டாலும் ஒரு வாரத்தில் திரும்ப வருகிறதே என்று மருந்தின் அளவைக் கூட்டிக்கொண்டே போகிறவர்கள் இதைப் பார்ப்பதில்லை.

அதனால் மாமா செய்யக்கூடிய பெரிய உதவி படுக்கிற இடத்தில்தான். அவள் படுக்கிற சாக்கை எரித்துவிடுங்கள். திண்ணை, கட்டுத்தரைச் சுவர், பட்டி ஓரத்துக் கல்கட்டு விரிசல்களைச் சிமெண்டு பூசி அடையுங்கள், மேலே சுண்ணாம்பு அடியுங்கள். கயிற்றுக் கட்டிலின் முடிச்சுகளில் கொதிக்கிற தண்ணீர் ஊற்றி வெயிலில் போடுங்கள். மாட்டு மருந்தைச் சுவர் விரிசலுக்கு அடிப்பதாக இருந்தால் நாய், பூனை, கோழி, குழந்தை எல்லாரையும் அப்புறப்படுத்திவிட்டு அடித்து, நன்றாகக் காய்ந்த பிறகு விடுங்கள். மிச்சத் தண்ணீர் கிணற்றுக்கோ வாய்க்காலுக்கோ போகக் கூடாது, மீனுக்கு அது கொடிய விஷம். இரண்டு மூன்று வாரத்துக்கு ஒரு தடவை இப்படிப் பார்க்க வேண்டியிருக்கும், ஒரே தடவையில் தீராது. சில மாட்டு மருந்துப் புட்டிகளில் நாய்க்கும் அளவு போட்டிருக்கும். அது இருந்தால்கூட மருத்துவரைக் கேட்டுவிட்டு அந்த அளவில் மட்டும். இத்தனை வருடம் ஒன்றும் ஆகவில்லை என்று அவர் சொல்வது உண்மையாகவே இருக்கும். பழைய நாட்டு நாய்களுக்கு முடி அடர்த்தி. வெள்ளச்சிக்கு ராஜபாளையம் இரத்தம், வெளுத்த தோல், குட்டை முடி. மாமாவின் கை மாறவில்லை, நாய்தான் மாறியிருக்கிறது.

குழந்தையைப் பற்றி: சொட்டு மருந்து விட்ட அன்று காயும் வரை குழந்தை தொடக் கூடாது, அன்று இரவு சேர்ந்து படுக்கக் கூடாது. இப்போது ஆறு நாள் ஆகிவிட்டதால் பயமில்லை. ஆனால் புண்ணைத் தொட விடாதீர்கள், எரிச்சலில் இருக்கிற நாய் கடித்துவிடும். அது நாயின் தப்பில்லை.

பூனைக்கு இதைவிடக் கவனம். நீங்கள் விட்ட மருந்தால் பூனைக்குப் பெரிய ஆபத்து இல்லை. நாய்க்கென்று விற்கிற வேறு சில சொட்டு மருந்துகளில் பெர்மெத்ரின் இருக்கிறது. அதைப் பூனை மேல் விட்டாலோ, விட்ட நாயைப் பூனை நக்கினாலோ நடுக்கமும் வலிப்பும் வந்து செத்துப்போகலாம். பூனையின் ஈரலால் அதைச் சரியாக உடைத்து வெளியேற்ற முடியாது. மாமாவின் புட்டி டெல்டாமெத்ரினாக இருந்தால் அதுவும் அதே குடும்பம்தான். அந்தத் தண்ணீர் பூனை மேல் ஒருநாளும் பட வேண்டாம். முயல் வளர்க்கிறவர்கள் யாராவது இதைப் படித்தால், ஃபிப்ரோனில் முயலுக்கு ஆகாது என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

முடி முளைக்கும், அம்மணி. தோலின் மேல்பகுதி மட்டும் வெந்திருந்தால் ஒரு மாதத்தில் மெல்லிய முடி தெரியும், மூடுவதற்கு மூன்று மாதம்கூட ஆகலாம். நடுவில் தோல் கறுத்துப்போவதைப் பார்த்துப் பதற வேண்டாம், ஆறுகிற தோல் கறுக்கும். ஆழமாகச் சீழ் பிடித்துத் தழும்பு விழுந்த இடத்தில் மட்டும் முடி வராது. அதற்காகத்தான் நாளைக்கே காட்டச் சொல்கிறேன். முடி வரும் வரை உச்சி வெயிலில் கொரங்காட்டு மேய்ச்சல் நிலத்துக்கு அனுப்பாதீர்கள். வெளுத்த மொட்டைத் தோல் நம் பக்கத்து வெயிலில் வெந்துவிடும். ஆடுகளோடு காலையிலும் சாயந்திரமும் போகட்டும்.

முகம் வீங்குவது, உடம்பெல்லாம் தடிப்பு எழும்புவது, காய்ச்சல், தீனி எடுக்காமல் சுருண்டு படுப்பது, இவை வந்தால் இரவானாலும் காத்திருக்காதீர்கள். புண் கழுத்தோடு நிற்காமல் மூக்குத்தண்டு, காது மடல், பாதம் என்று சீழ்க்கொப்புளமும் பொருக்குமாகப் பரவினால் அது வேறு நோய். மருந்து தூண்டிவிட்டு, உடம்பின் எதிர்ப்பு சக்தியே தன் தோலைப் பிரிக்கிற வகை. அமிட்ராஸும் மெட்டாஃப்ளுமிசோனும் கலந்த ஒரு சொட்டு மருந்தால் வெளிநாட்டில் சில நாய்களுக்கு இது வந்தது. 2011இல் அந்த மருந்து விற்பனையை நிறுத்தினார்கள். மிக அரிதானது, உங்கள் படத்தில் அதன் அடையாளம் இல்லை. அப்படிப் பரவினால் நாமக்கல் அல்லது உடுமலைப்பேட்டை கால்நடை மருத்துவக் கல்லூரிக்குக் கொண்டு போங்கள். தோலைச் சிறிது எடுத்துப் பரிசோதிக்க வேண்டியிருக்கும்.

தடுப்பூசி அட்டையின் பின்பக்கத்தில் தேதி, மருந்தின் பெயர், தொகுப்பு எண், எத்தனை மில்லி, எத்தனை மணி நேரத்தில் என்ன ஆனது என்று எழுதி வையுங்கள். மாட்டு மருந்துக் குளியலையும் சேர்த்து எழுதுங்கள். காலிக் குழாயையும் பில்லையும் தூக்கி எறியாமல், மருத்துவர் பார்த்து முடிக்கும் வரை அந்த அட்டையோடு சேர்த்து வைத்திருங்கள். மருந்துக் கம்பெனிக்குத் தெரிவிக்க வேண்டும் என்று அவர் நினைத்தால் அந்த எண் இல்லாமல் முடியாது.